வெற்றுச்சீட்டும் நொதுமலரும்: 1962 பொது வாக்கெடுப்பில் முடிவெடுக்காத வாக்காளர்

1962-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், சனிக்கிழமை. சிங்கப்பூர் தன் வரலாற்றில் நடத்திய ஒரே பொது வாக்கெடுப்பு அன்றுதான் நடந்தது. வாக்குச்சாவடிக்குள் நுழைந்தவரின் கையில் தரப்பட்ட சீட்டில் மூன்று தெரிவுகள் இருந்தன. மூன்றும் மலாயாக் கூட்டரசோடு இணைவதற்கான மூன்று வழிகள். இணையவே வேண்டாம் என்று சொல்ல விரும்பியவருக்கு அச்சீட்டில் இடமில்லை. இன்னும் தெளிவு பிறக்கவில்லை என்று சொல்ல விரும்பியவருக்கும் இடமில்லை. இச்சீட்டின் அமைப்பை இன்று வகுப்பறையில் விளக்கினால், மறுப்பதற்கு உரிய கட்டம் எங்கே என்பதே மாணவர் பலர் கேட்கும் முதற்கேள்வியாக இருக்கும். நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கு விடைதேடி எழுதப்பட்ட நூல்களும் கட்டுரைகளும் பல. இவ்வுரை எடுத்துக்கொள்வது அதற்கு அடுத்த கேள்வியை: மறுக்கவும் மனமின்றி, ஏற்கவும் துணிவின்றி, இரு தரப்பின் பேச்சையும் கேட்டுச் சலித்துப்போன வாக்காளர் அன்று என்ன செய்தார்? அவர் செய்ததை மற்றவர்கள் என்னவென்று எழுதிவைத்தனர்?

அத்தகையவரைக் குறிக்கத் தமிழில் ஒரு பழஞ்சொல் உண்டு. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்துக்கு உரை வகுக்கும் பரிமேலழகர், பகை, நட்பு என்னும் இரண்டோடு நொதுமல் என்பதையும் சேர்த்து மூன்று பகுதியாகக் கூறுகிறார். பகைவரும் அல்லாத, நட்டாரும் அல்லாத அயலவரே நொதுமலர். நடுவுநிலைமை என்பது அறம் சார்ந்த ஒரு பண்பு. நொதுமல் என்பதோ வெறும் நிலை. நொதுமலர் சான்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குழம்பியவராக இருக்கலாம், அஞ்சியவராக இருக்கலாம், அக்கறையற்றவராகவும் இருக்கலாம். ஆயினும் மூன்றாவதாக ஒரு பகுதி உண்டு என்பதை அச்சொல் ஏற்றுக்கொள்கிறது. 1961, 1962 ஆண்டுகளின் சிங்கப்பூர் அரசியல் அதை ஏற்க மறுத்தது.

பிளவு தொடங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959 பொதுத்தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43 இடங்களை வென்று தன்னாட்சி அரசை அமைத்தது. ஈராண்டுக்குள் அதன் கட்டுமானம் ஆட்டங்கண்டது. 1961 ஏப்ரலில் ஹோங் லிம் இடைத்தேர்தலில், கட்சியிலிருந்து நீக்கப்பட்ட ஓங் எங் குவான் அக்கட்சியின் வேட்பாளரைப் பெருவாரியான வாக்குகளில் தோற்கடித்தார். மே 27 அன்று மலாயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் சிங்கப்பூரில் அடெல்பி ஹோட்டலில் ஆற்றிய உரையில், மலாயா, சிங்கப்பூர், போர்னியோப் பகுதிகள் ஆகியவற்றை ஒன்றாக இணைக்கும் எண்ணத்தை வெளியிட்டார். ஜூலையில் ஆன்சன் இடைத்தேர்தலிலும் ஆளுங்கட்சி தோற்றது. அதே மாதம் சட்டமன்றத்தில் அரசின்மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவாக விழுந்த வாக்குகள் 27, எதிராக 8, வாக்களியாது இருந்தோர் 16. அப்பதினாறு பேரில் 13 பேர் ஆளுங்கட்சியின் உறுப்பினர்களே. அவர்களும் லிம் சின் சியோங் முதலிய தொழிற்சங்கத் தலைவர்களும் வெளியேறிப் பாரிசான் சோசியலிஸ் கட்சியை அமைத்தனர். நேற்றுவரை ஒரே மேடையில் ஒரே முழக்கத்தை எழுப்பியவர்கள் இன்று எதிரெதிர் மேடைகளில் நின்றனர். அவர்களை நம்பி 1959-இல் வாக்களித்தவருக்கு இதுவே முதல் குழப்பம்.

அடுத்து வந்தது சொல்மழை. தொலைக்காட்சி 1963 பிப்ரவரியில்தான் சிங்கப்பூருக்கு வந்தது. ஆகையால் 1961-இன் போர்க்களம் வானொலியே. செப்டம்பர் 13 முதல் அக்டோபர் 9 வரை பிரதமர் லீ குவான் இயூ பன்னிரண்டு வானொலி உரைகளை ஆற்றினார். ஆங்கிலம், மலாய், மாண்டரின் ஆகிய மூன்று மொழிகளிலும் தாமே பேசினார். அவ்வுரைகளின் பெரும்பகுதி இணைப்பின் விதிகளைப் பற்றியதன்று. கம்யூனிஸ்டுகள் கட்சிக்குள் எவ்வாறு நுழைந்தனர், யார் யாரைச் சந்தித்தனர், எவர் எவருடைய கைப்பாவை என்பதே அவற்றின் சரடு. எதிர்த்தரப்பும் சளைத்ததன்று. அரசு ஏகாதிபத்தியத்தின் ஏவலாள், இணைப்பு என்பது இடதுசாரிகளைச் சிறைப்பிடிக்கப் பின்னப்பட்ட வலை என்றது. நவம்பரில் இணைப்பின் நிபந்தனைகளைக் கூறும் வெள்ளை அறிக்கை வெளிவந்தது. அதன்மீதான சட்டமன்ற விவாதத்தில் பாரிசான் தலைவர் டாக்டர் லீ சியூ சோ ஏழரை மணிநேரம் பேசினார். சிங்கப்பூர்ச் சட்டமன்ற வரலாற்றில் அதைவிட நீண்ட உரை இல்லை. ஏழரை மணிநேரம்! தமிழ் விழா மேடைகளில் நேரம் முடிந்தபின்னும் ஒலிவாங்கியை விடாத பேச்சாளர்களை அறிந்த நமக்கே அது மலைப்பைத் தருகிறது.

இவ்வளவு சொற்களுக்கு நடுவில் கேட்பவர் தெரிந்துகொள்ள விரும்பியது என்ன? இங்கே ஒருவரைக் கருதிப் பார்ப்போம். பெயர் வேண்டா. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்யும் தமிழர், இந்தியாவில் பிறந்தவர், 1957 குடியுரிமைச் சட்டத்தின் பின் பதிவுசெய்து சிங்கப்பூர்க் குடிமகனானவர். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, தமிழர்கள் தயங்காது குடியுரிமைக்குப் பதிய வேண்டும் என்று அந்நாளில் ஓயாது வலியுறுத்திவந்தார். அதைக் கேட்டுப் பதிந்தவர்களில் இவரும் ஒருவர் என்று கொள்வோம். இவருடைய தம்பி ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்கிறார். பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். இவருக்கு வேண்டிய விடைகள் மூன்றோ நான்கோதான். என் குடியுரிமை நிலைக்குமா? பிள்ளைகள் தமிழிலோ ஆங்கிலத்திலோ படிப்பதற்கு இடையூறு வருமா? தளத்து வேலையும் சங்க உரிமையும் என்ன ஆகும்? தம்பியும் நானும் ஒரே நாட்டவர் ஆவோமா?

இக்கேள்விகளுக்கு விடை இல்லாமல் இல்லை. வெள்ளை அறிக்கையைப் பொறுமையாகப் படித்தவர் ஓரளவு கண்டிருப்பார். கல்வியும் தொழிலாளர் விவகாரமும் சிங்கப்பூர் அரசிடமே இருக்கும். பாதுகாப்பு, வெளியுறவு, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவை நடுவரசுக்குச் செல்லும். கூட்டரசு நாடாளுமன்றத்தில் சிங்கப்பூருக்கு 15 இடங்கள். கல்வி இங்கேயே இருக்கும் என்பது தமிழ்ப் பள்ளிகளை நடத்தியவர்களுக்கும் அவற்றில் கற்பித்தவர்களுக்கும் சிறு செய்தி அன்று. சிங்கப்பூர் அரசு நான்கு மொழிவழிக் கல்வியை ஏற்றிருந்தது. கூட்டரசின் மொழிக்கொள்கையோ வேறு. ஆனால் மேடையில் இவற்றுக்குக் கிடைத்த நேரம் குறைவு. ஏச்சுக்குக் கிடைத்த நேரமே மிகுதி.

குடியுரிமைக் கேள்வி இன்னும் சிக்கலானது. அரசின் திட்டத்தில் சிங்கப்பூர்க் குடிமக்கள் புதிய கூட்டமைப்பின் ‘நாட்டவர்’ ஆவர். ‘குடிமக்கள்’ என்ற சொல் கூட்டரசிலிருந்தவருக்கு உரியதாக இருந்தது. இது நம்மை இரண்டாந்தரக் குடிகளாக்கும் ஏற்பாடு என்றது பாரிசான். பினாங்கும் மலாக்காவும் சேர்ந்தது போல முழுமையான, நிறைவான இணைப்பே வேண்டும் என்று அது முதலில் கோரியது. அரசு அதைப் பற்றிக்கொண்டது. அப்படிச் சேர்ந்தால் கூட்டரசின் குடியுரிமை விதிகளே பொருந்தும். சிங்கப்பூரில் பிறவாது பதிவினால் குடியுரிமை பெற்ற பெருந்தொகையினர் அதை இழக்க நேரும் என்று எடுத்துரைத்தது. நம் கடற்படைத் தளத் தொழிலாளி இவ்விரண்டையும் ஒரே மாலையில் கேட்டிருக்கக்கூடும். ஒருவர் பேச்சின்படி இவர் இரண்டாந்தரக் குடி. மற்றவர் பேச்சின்படி குடியே இல்லை. இரண்டிலும் உண்மையின் ஒரு துண்டு இருந்ததுதான் கொடுமை. பொய்யை ஒதுக்கிவிடலாம். அரைகுறை உண்மை இரண்டு மோதும்போது எளியவர் எதைக் கொண்டு தீர்ப்பது?

தம் இனத்துத் தலைவர்களைப் பார்த்தாவது முடிவுசெய்யலாமா என்றால் அதற்கும் வழியில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழரான எஸ். ராஜரத்தினம் கலாசார அமைச்சராக, அரசின் குரலாக விளங்கினார். சிறையிலிருந்து வந்த தேவன் நாயர் அரசின் பக்கமே நின்றார். மறுபக்கத்தில், கடற்படைத் தளத் தொழிலாளர் சங்கத்தை நடத்திய சந்திரசேகரன் உட்ஹல் இருந்தார். பொருளியல் அறிந்த ஜேம்ஸ் புதுச்சேரி இருந்தார். நால்வரும் காலனி ஆட்சியை எதிர்த்தவர்கள், நால்வரும் படித்தவர்கள். தொழிற்சங்க அலுவலகத்தில் தம் ஊதியத்துக்காகப் போராடிய உட்ஹல் ஒன்று சொல்கிறார்; வானொலியில் அமைச்சர் வேறொன்று சொல்கிறார். எவரையும் துரோகி என்று எண்ணத் தோன்றாத ஒருவருக்கு, எல்லாரும் ஒருவரையொருவர் துரோகி என்று தூற்றுவதைக் கேட்பது எவ்வளவு சலிப்பாக இருந்திருக்கும்!

இனி வாக்கெடுப்புச் சீட்டுக்கு வருவோம். முதல் தெரிவு, வெள்ளை அறிக்கையின்படி கல்வி, தொழிலாளர் துறைகளில் தன்னாட்சியோடு இணைவது. அதற்கு அடையாளமாகச் சிங்கப்பூர்க் கொடியே அச்சிடப்பட்டது. இரண்டாம் தெரிவு, கூட்டரசின் பதினொரு மாநிலங்களுக்குச் சமமாக, நிபந்தனையின்றி முழுமையாக இணைவது. பாரிசான் எழுப்பிய முழக்கத்தைப் பாரிசான் அஞ்சும் வடிவில் சீட்டில் ஏற்றிவைத்த சூழ்ச்சித்திறம் இது. மூன்றாம் தெரிவு, போர்னியோப் பகுதிகளுக்குக் கிடைக்கும் நிபந்தனைகளுக்குக் குறையாதவற்றோடு இணைவது. போர்னியோப் பகுதிகளுக்கான நிபந்தனைகளோ அந்நாளில் முடிவாகவே இல்லை. இன்னும் நெய்யாத துணிக்கு விலைபேசுவது போன்றது அது.

பள்ளிகளில் சொற்போர்ப் போட்டி நடத்தும் ஆசிரியர்கள் ஒன்றை அறிவர். தலைப்பை வகுப்பவர் போட்டியில் பங்கேற்பவராக இருக்கக்கூடாது. 1962-இல் தலைப்பை வகுத்தவரே முதல் அணியின் தலைவர். அரசுத் தரப்பில் ஒரு நியாயமும் சொல்லப்பட்டது: இணைப்பு வேண்டும் என்பதில் எல்லாக் கட்சிகளும் உடன்பட்டே தேர்தலில் நின்றன, ஆகவே இணைவதா என்பது கேள்வியன்று, எப்படி இணைவது என்பதே கேள்வி. இதை முற்றாகத் தள்ளிவிட முடியாது. மலாயாவோடு சேர்வது அக்காலத்துக் கட்சிகள் பலவற்றின் அறிவித்த இலக்காகவே இருந்தது. என் பார்வையில், நியாயம் இருந்ததற்காகச் சீட்டு நேர்மையானதாகிவிடாது. சீட்டு குறைபாடுடையது என்பதற்காக அதை எதிர்த்தவர்களின் வாதம் தெளிவாகிவிடவும் இல்லை.

மறுப்பதற்கு வழியில்லாததால், குறியிடாமல் வெற்றுச்சீட்டைப் போடுங்கள் என்று பாரிசான் மக்களை அழைத்தது. அரசு அதை முன்பே எதிர்பார்த்திருந்தது. வெற்றுச்சீட்டுப் போடுபவர் தாமாக முடிவுசெய்ய இயலாது, அம்முடிவைப் பெரும்பான்மையிடம் விட்டவராகவே கருதப்படுவார் என்னும் ஏற்பாடு வாக்கெடுப்புச் சட்டத்தில் இடம்பெற்றது. 1962-இன் நடுப்பகுதியில் சட்டமன்றத்தில் இதன்மீது கடும் விவாதம் நடந்தது. அந்த விவாதத்தின் ஒரு விந்தையை நாம் கவனிக்க வேண்டும். முடிவெடுக்காதவர் என்ற மனிதரைச் சட்டம் முதன்முதலாக ஏற்றுக்கொண்ட இடம் அதுவே. ஏற்றுக்கொண்ட அந்த நொடியிலேயே அவருடைய குரல் வேறொருவருக்கு மாற்றி எழுதப்பட்டது. எதிர்த்தரப்பும் அவரை விட்டுவைக்கவில்லை. வெற்றுச்சீட்டு என்றால் அது எதிர்ப்பு என்று அவர்கள் முன்கூட்டியே பொருள் வகுத்துவிட்டனர். வாக்களிப்பு கட்டாயமாதலால் வீட்டில் இருந்துவிடவும் முடியாது. ஆக, உண்மையிலேயே தெரியவில்லை என்று வெற்றுச்சீட்டை மடித்துப் போட்டவர், சட்டத்தின் கண்ணில் இசைந்தவர். பாரிசானின் கண்ணில் எதிர்த்தவர். அவர் நினைத்ததோ இரண்டும் இல்லை.

வாக்களிப்புக்கு இரண்டு வாரம் இருக்கையில் மற்றொரு திருப்பம் நேர்ந்தது. ஆகஸ்ட் 14 அன்று, சிங்கப்பூர்க் குடிமக்கள் மலேசியாவின் ‘நாட்டவர்’ என்றல்லாமல் ‘குடிமக்கள்’ என்றே அழைக்கப்படுவர், அதற்குத் துங்குவும் இசைந்துவிட்டார் என்று பிரதமர் அறிவித்தார். ஓராண்டுக் காலம் பூசலுக்கு உணவாக இருந்த ஒரு சொல் மாறிவிட்டது. ஆனால் சிங்கப்பூர்க் குடிமகன் சிங்கப்பூரில் மட்டுமே வாக்களிக்க முடியும் என்னும் வரையறை மாறவில்லை. சொல் மாறியது பெரும் வெற்றி என்றது ஒரு தரப்பு. வெறும் சொல்தானே என்றது மறுதரப்பு. மொழி மன்றத்தின் உரைத்தொடரில் இதை நான் எடுத்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு சொல்லின் மாற்றம் பல்லாயிரவரின் அச்சத்தைத் தணித்தது உண்மை. பதிவினால் குடியுரிமை பெற்ற நம் தொழிலாளிக்கு, ‘குடிமகன்’ என்ற சொல் கையிலிருந்த சான்றிதழோடு பொருந்திப்போகும் சொல். அவர் அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருந்தால், மறுநாள் அவரை ஏமாளி என்று எவரும் இகழ்வதற்கில்லை.

கில்லிமார்ட் சாலையின் பூப்பந்து அரங்கில் வாக்குகள் எண்ணப்பட்டன. பதிவான மொத்த வாக்குகள் 561,559. முதல் தெரிவுக்கு 397,626, இரண்டாவதற்கு 9,422, மூன்றாவதற்கு 7,911. வெற்றுச்சீட்டுகள் 144,077. எஞ்சிய சில ஆயிரம் சீட்டுகள் செல்லாதவை அல்லது தெளிவற்றவை. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தொருவர் முதல் தெரிவை ஏற்றனர் என்பது அரசுக்கு ஐயத்துக்கிடமில்லாத வெற்றி. நால்வரில் ஒருவர் வெறுஞ்சீட்டைப் போட்டனர் என்பதும் அதே அளவு ஐயத்துக்கிடமற்றது.

அந்த 144,077 சீட்டுகளைப் பற்றி அன்று முதல் இன்றுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அவற்றை ஒரே கூட்டமாகவே நடத்துகின்றன. கம்யூனிஸ்டு ஆதரவின் உச்ச அளவு இதுதான் என்று ஒரு சாரார் கண்டனர். அச்சுறுத்தலையும் மீறி நிமிர்ந்து நின்ற எதிர்ப்பாளர்களின் எண்ணிக்கை இது என்று மற்றொரு சாரார் கண்டனர். ஓராண்டு கழித்து, 1963 செப்டம்பர் 21-இல் நடந்த பொதுத்தேர்தலில் பாரிசான் நூற்றுக்கு 33 என்ற அளவில் வாக்குப் பெற்றது. அதற்கு முன், அவ்வாண்டு பிப்ரவரி 2 அன்று தொடங்கிய கைது நடவடிக்கையில் லிம் சின் சியோங், உட்ஹல், புதுச்சேரி உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைப்படுத்தப்பட்டிருந்தனர். தலைவர்கள் சிறையிலிருக்க வாக்கு விகிதம் வெற்றுச்சீட்டின் விகிதத்தைவிடக் கூடியது ஏன்? வெற்றுச்சீட்டுப் போட்டவர் எல்லாரும் பாரிசான் ஆதரவாளர் எனவோ, பாரிசான் ஆதரவாளர் எல்லாரும் வெற்றுச்சீட்டே போட்டனர் எனவோ கொள்வது பொருந்தாது என்பதற்கு இது ஒரு குறிப்பு. குறிப்பு மட்டுமே, சான்று என்று சொல்ல மாட்டேன். அஞ்சி முதல் தெரிவில் குறியிட்ட எதிர்ப்பாளர் இருந்திருப்பர். எதுவும் விளங்காமல் வெறுஞ்சீட்டை மடித்தவரும் இருந்திருப்பர். மறைவாக்கு என்பதால் அவர்களைப் பிரித்தெடுக்க எந்த ஆவணமும் உதவாது.

வரலாறு கற்கும் மாணவர் இங்கே ஓர் இடரை எதிர்கொள்கிறார். தலைவர்கள் நினைவுக்குறிப்பு எழுதினர். சிறை சென்றவர்களும் பின்னாளில் எழுதினர். லீ குவான் இயூவின் பன்னிரண்டு வானொலி உரைகள் 2014-இல் மறுபதிப்புப் பெற்றன; அவற்றை மறுக்கும் ஆய்வுகளும் அதே காலத்தில் பெருகின. பழைய சொற்போர் நூலகத்துக்குள் இடம் மாறியதே தவிர ஓயவில்லை. முடிவெடுக்காதவர் மட்டும் எதையும் எழுதவில்லை. அவருக்கு நினைவுநாள் இல்லை, கட்சி இல்லை, எதிரியும் இல்லை. அக்காலத்தை அறிந்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். வாய்மொழி வரலாறு திரட்டும் மாணவர்கள் அவர்களிடம், ‘நீங்கள் எந்தப் பக்கம்?’ என்று கேட்டே தொடங்குகிறார்கள். ‘அப்போது உங்களுக்கு எது விளங்கவில்லை?’ என்று கேட்டுப் பார்க்கலாம். விடை வேறாக வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா பிறந்தது. அந்தக் கடற்படைத் தளத் தொழிலாளியும் ஜொகூரில் இருந்த அவருடைய தம்பியும் ஒரே நாட்டின் குடிமக்களாயினர். இரண்டாண்டும் நிறையவில்லை. 1965 ஆகஸ்ட் 9 அன்று கோலாலம்பூர் நாடாளுமன்றம் 126 வாக்குகளால், எதிர்வாக்கு ஒன்றுமின்றி, சிங்கப்பூரைப் பிரிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மூன்று தெரிவுகளில் எதிலும் இல்லாத நான்காவது ஒன்று நடந்துவிட்டது. அதைப் பற்றி எந்த வாக்காளரிடமும் எந்தச் சீட்டும் கொடுக்கப்படவில்லை.